ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன்னால் டைமிங்கைப் பாருங்கள்

டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் எல்லோருடைய கையும் முதலில் ரேடியேட்டர் பக்கம்தான் போகிறது. தெர்மோஸ்டாட்டை மாற்று, வாட்டர் பம்பை மாற்று, ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடு, அப்புறமும் சூடானால் ரேடியேட்டரையே மாற்று. இந்த வரிசையில் எங்கேயாவது வண்டி சரியாகிவிட்டால் நல்லது. இத்தனையும் மாற்றி முடித்த பிறகும் ஏற்றத்தில் முள் விடாமல் ஏறுகிற வண்டிகளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். சூட்டை வெளியே கொண்டுபோகிற சாமான்கள் எல்லாவற்றையும் பார்க்கிறோம், சூடு உண்டாகிற இடத்தைப் பார்ப்பதில்லை. டைமிங்கைத்தான் சொல்கிறேன், அதாவது பிளக்கில் பொறி எந்தக் கணத்தில் விழுகிறது என்பதை. பால் பொங்கி வழியும்போது அடுப்பைக் குறைக்காமல் விசிறிக்கொண்டே நிற்கிற மாதிரிதான் இது.

டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைப்படி பொறியைப் பகிர்ந்து கொடுக்கிற பாகம்) இருக்கிற பழைய கார்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். புது வண்டிக்காரர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது, கடைசியில் வருகிறது.

டைமிங் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி: இன்ஜின் நிஜமாகவே சூடாகிறதா? கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் டாஷ்போர்டு மீட்டர்களுக்கு நேராக 12 வோல்ட் போவதில்லை, நடுவில் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் உட்கார்ந்து சுமார் 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அது கெட்டுப் போய் முழு வோல்ட்டையும் விட ஆரம்பித்தால் டெம்பரேச்சர் முள் தாறுமாறாக ஏறும். கண்டுபிடிப்பது சுலபம், பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். டாங்கில் இருப்பதைவிட அதுவும் அதிகமாகக் காட்டினால் இன்ஜின் மேல் பழி போட வேண்டாம். இல்லையென்றால் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்துத் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் நேராகப் பிடித்து அளந்துவிடலாம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பளபளக்கிற அலுமினியத்தின் மேல் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும்.

நிஜமாகவே சூடாகிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, எப்போது சூடாகிறது என்பது. எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால் இதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. நெரிசலில் நின்று நின்று போகும்போது மட்டும் சூடாகி, வேகம் பிடித்தவுடன் முள் இறங்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம்: ஃபேன், ஃபேன் சுவிட்ச், ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு, சூட்டுக்கேற்ப ஃபேனைப் பிடித்து விடுகிற விஸ்கஸ் கிளட்ச், இவ்வளவுதான். ஃபேன் சுற்றுகிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மோட்டாரை மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிகள் உண்டு. நிற்கும் வண்டியில் ஃபேன் ஓடும்போது முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தால் காகிதம் உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும், வெளியே தள்ளினால் விஷயம் அங்கேயே முடிந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, கூலன்ட் இன்னும் சூடாகாத நிலையிலேயே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தடுப்புத் தகட்டை, சந்தேகியுங்கள். எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் குமிழி வந்துகொண்டே இருக்கும். இதை உறுதிப்படுத்த ஒரு நீலத் திரவம் கிடைக்கிறது. ரேடியேட்டர் வாயில் இருக்கும் காற்றை அதற்குள் இழுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு இருந்தால் மஞ்சளாக மாறிவிடும். இது உறுதியானால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை, ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது வகைதான் சிக்கலானது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் இல்லை, நீண்ட ஏற்றத்திலோ நல்ல வேகத்திலோ தொடர்ந்து ஓட்டினால் முள் மெதுவாக ஏறும். காற்று தாராளமாக வருகிறது, ஆகவே ஃபேன் இல்லை. ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைத்திருக்கலாம். சூடான ரேடியேட்டரின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நகர்த்திக்கொண்டே போனால் நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டு ஒன்று வரும், அங்கே தண்ணீர் ஓடவில்லை. கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் ரப்பர் தளர்ந்திருந்தால் அதிக ஆர்.பி.எம்.மில் சப்பிப் போகும், ஐட்லிங்கில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கித் தெர்மாமீட்டரோடு பார்த்துவிடலாம். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில்தான் திறக்க ஆரம்பிக்கும், முழுசாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஆகும். ஆகவே 82-இல் லேசாகத்தான் திறந்தது என்று தூக்கிப் போட வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் என்றால் 130 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போயிற்று, இத்தனைக்கும் முழு கூலிங் சிஸ்டத்திலேயே மலிவான சாமான் அதுதான். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள். 115 டிகிரியில் அழுத்தத்தால் மட்டுமே அடங்கி நிற்கிற தண்ணீர், மூடி திறந்த அந்தக் கணமே கொதித்து முகத்துக்கு வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, அதோடு கூட வண்டி சோம்பலாக இழுக்கிறது, பிக்கப் இல்லை, மைலேஜ் குறைந்துவிட்டது என்றும் சொன்னால் நான் டைமிங் லைட்டை, பொறி விழுகிற கணத்தில் மின்னுகிற விளக்கை, தேடுவேன். சூடும் சோம்பலும் சேர்ந்து வருவதுதான் துப்பு. ரேடியேட்டர் அடைத்த வண்டி சூடாகும், ஆனால் சூடாகிற வரைக்கும் நன்றாகவே இழுக்கும்.

ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை வெடித்துவிடுவதில்லை, தீ ஒரு முனையிலிருந்து பரவுகிறது, அதற்கு இரண்டு மில்லி செகண்ட் அளவில் நேரம் வேண்டும். இன்ஜின் 800 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது ஒரு மில்லி செகண்டில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) ஐந்து டிகிரி கூடத் திரும்பாது. 3000-இல் அதே ஒரு மில்லி செகண்டில் 18 டிகிரி திரும்பிவிடும். தீ பரவி அழுத்தம் உச்சத்துக்கு வரும்போது பிஸ்டன் டி.டி.சி.யை, அதாவது தன் பாதையின் உச்சியை, தாண்டிப் பதினைந்து டிகிரி வாக்கில் இருந்தால்தான் அந்தத் தள்ளு முழுசாகக் கிராங்குக்குப் போய்ச் சேரும். அதனால்தான் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்னாலேயே பொறி விழ வேண்டியிருக்கிறது, வேகம் கூடக் கூட இன்னும் முன்னால். ஐட்லிங்கில் எட்டு பத்து டிகிரி என்று வைக்கிற வண்டியில் 3000-இல் முப்பதைத் தாண்டுவது சாதாரணம்.

இப்போது பொறி பத்து டிகிரி தாமதமாக விழுகிறது என்று வையுங்கள். பிஸ்டன் கீழே ஓட ஆரம்பித்த பிறகும் தீ எரிந்துகொண்டிருக்கிறது. தள்ளுவதற்குப் பயன்பட வேண்டிய சக்தி சூடாகவே மிஞ்சி, எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அந்த வழியாகப் பாய்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட் எங்கே இருக்கிறது? ஹெட்டுக்குள், சுற்றிலும் கூலன்ட் ஓடுகிற இடத்தில். சைலன்சர் வழியாகப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கைக் கூலன்ட் வாங்கிக்கொள்கிறது. போதாததற்கு வண்டி இழுக்கவில்லை என்று நீங்கள் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிக்கிறீர்கள், அதே ஏற்றத்தை ஏற அதிகப் பெட்ரோல் எரிகிறது. ரொம்பத் தாமதமான வண்டியை இருட்டில் நல்ல லோடில் ஓட்டி நிறுத்தி பானெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மங்கலான சிவப்பில் தெரியும்.

இன்னொன்று. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறக்கும்போது பொறியை விழவைக்கிற சின்ன சுவிட்ச்) வைத்த வண்டிகளில் டைமிங் தானாகவே நகர்கிறது, அதுவும் பெரும்பாலும் தாமதமான பக்கம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கேம் மேல் உரசுகிற பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது, இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, பொறியும் தாமதம். டைமிங் செயின் தளர்ந்தாலும் இதே கதி, வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டும் பின்தங்கும், அதனால் ஓடுகிற டிஸ்ட்ரிபியூட்டரும் பின்தங்கும். இன்ஜினின் உறிஞ்சலால் பொறியை முன்னால் தள்ளுகிற வேக்கம் அட்வான்ஸின் டயஃப்ரம் கிழிந்தால் சமநிலத்தில் நிதானமாகப் போகும்போது கிடைக்க வேண்டிய கூடுதல் பத்துப் பதினைந்து டிகிரி கிடைக்காமல் போகும். எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் தினமும் ஓட்டுகிறவருக்கு உறைக்காது. வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்.

சரி, டைமிங் வைப்பது. முதலில் பாயிண்ட் இடைவெளி, பல நாலு சிலிண்டர் கார்களில் 0.4 மி.மீ. பக்கம் இருக்கும், உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் வைத்த டைமிங் போய்விடும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஐட்லிங்கைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஐட்லிங் அதிகமாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே இருக்கிற எடைகள் விரிய ஆரம்பித்து டைமிங்கை முன்னால் தள்ளிக் காட்டும், நீங்கள் அதை நம்பிப் பின்னால் திருப்புவீர்கள். பல வண்டிகளில் வேக்கம் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்திருக்கிற ஹோஸின் மறுமுனையை ஒரு தடவை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். இழுத்தது அப்படியே நாக்கில் பிடித்து நின்றால் டயஃப்ரம் நலம். உறிஞ்ச உறிஞ்சக் காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு இதைச் செய்தால் பாயிண்ட் தட்டு நகர்வதையும் கண்ணால் பார்க்கலாம்.

கிராங்க் புல்லியில் இருக்கும் கோட்டை ஒரு துணியால் துடைத்து வெள்ளைச் சாக்பீஸால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் அழுக்கில் தெரியாது. டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டர் வயரில், அதில் இருக்கிற அம்பு பிளக்கைப் பார்க்கும்படி மாட்டி, வெளிச்சத்தை அடித்தால் சுற்றிக்கொண்டிருக்கிற புல்லி அப்படியே நின்றுவிட்டது மாதிரி தெரியும், வெள்ளைக் கோடு அளவுப் பட்டைக்கு எதிரில் லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. நின்று போனதாகத் தெரிகிற அந்த ஃபேனுக்குள் கை விடத் தோன்றும், அதில் மட்டும் ஜாக்கிரதை. பெல்ட்டோடு சுற்றுகிற ஃபேன் உள்ள வண்டிகளில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடி போல்ட்டை லேசாக மட்டும் தளர்த்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் (பொறி முந்தும்), அதே திசையில் திருப்பினால் ரிடார்டு (பொறி தாமதமாகும்). கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றுதான் சுற்றுகிறது என்பதால் இங்கே ஒரு டிகிரி திருப்பினால் கிராங்கில் இரண்டு டிகிரி. ஆகவே மயிரிழை அளவுதான் திருப்ப வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்துவிடும், இறுக்கிய பிறகு இன்னொரு தடவை லைட் அடித்துப் பாருங்கள். அதோடு விட்டுவிடாமல் ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கொடுத்துக்கொண்டே கோட்டைக் கவனியுங்கள். ஒழுங்காக நகர்ந்து போய், விட்டதும் திரும்பி வர வேண்டும். நகரவே இல்லையென்றால் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன, ஐட்லிங்கில் சரியாக இருக்கிற டைமிங் ரோட்டில் இருபது டிகிரி தாமதமாக இருக்கும். கோடு அங்குமிங்கும் குதித்தால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கலாம், செயின் தளர்ந்திருக்கலாம்.

இவ்வளவும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: புல்லியில் இருக்கிற கோடு உண்மை பேசுகிறது என்கிற நம்பிக்கை. நண்பர் ஒருவரின் கார்புரேட்டர் கார் இப்படித்தான் வந்தது. தெர்மோஸ்டாட், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் ஏற்கெனவே புதுசு. டைமிங்கும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். லைட் அடித்தால் கோடு புத்தகம் சொன்ன இடத்தில்தான் நின்றது. ஆனால் ஏற்றத்தில் வண்டி ஏறவும் மாட்டேன் என்கிறது, சூடும் ஆகிறது. பல இன்ஜின்களில் அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுவில் கிராங்கோடு சேர்ந்த இரும்பு, வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர். கோடு இருப்பது வெளி வளையத்தில். ரப்பர் வயதாகி விட்டுக்கொடுத்தால் வளையம் நழுவும், பெல்ட் அதன் மேல் ஓடிப் பின்னுக்கு இழுக்கிற வண்டி என்றால் பின்பக்கமாக நழுவும். கோடு பின்தங்கினால் லைட்டில் டைமிங் உண்மையைவிட முன்னால் தெரியும். பார்க்கிறவர் அதைப் "சரி" பண்ணுவதற்காகத் தாமதப்படுத்துவார்.

நிஜமான டி.டி.சி.யைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பாட்டரி வயரைக் கழற்றி, எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகினோம். பிஸ்டன் மேலே வரும்போது முட்டி நிற்பதற்கான ஒரு போல்ட், அவ்வளவுதான். கிராங்கைக் கையால் ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பி, முட்டிய இடத்தில் பட்டையின் பூஜ்யத்துக்கு எதிரே புல்லியில் ஒரு கோடு. மறுபக்கம் திருப்பி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பதுதான் உண்மையான டி.டி.சி. கம்பெனி போட்ட கோடு அந்த நடுப்புள்ளியிலிருந்து நன்றாக விலகி, ஏறக்குறைய பத்து டிகிரி தள்ளி இருந்தது. அதாவது அந்த வண்டியில் பொறி கிட்டத்தட்ட டி.டி.சி.யிலேயே விழுந்துகொண்டிருந்தது. புல்லியை மாற்றி டைமிங் வைத்ததும் ஏற்றத்தில் முள் அசையவில்லை. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறிய வண்டி மூன்றாவதில் ஏறியது, அதில்தான் நண்பருக்கு அதிகச் சந்தோஷம்.

உங்கள் புல்லியைச் சந்தேகித்தால் உள் இரும்பு, ரப்பர், வெளி வளையம் மூன்றையும் குறுக்கே வெட்டுகிற மாதிரி ஒரு நேர்கோடு பெயின்டால் போட்டுவிட்டு ஓட்டுங்கள். பிறகு பார்க்கும்போது கோடு ரப்பரில் உடைந்து இரண்டாகத் தெரிந்தால் நழுவுகிறது.

லைட்டெல்லாம் எதற்கு, காதால் கேட்டே வைத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஐட்லிங் வேகம் உச்சத்துக்கு வரும் வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, அப்புறம் கொஞ்சம் பின்னால் கொண்டுவருவது அவர்கள் வழி. எனக்கு இதில் உடன்பாடில்லை. லோடு இல்லாமல் ஐட்லிங்கில் இருக்கிற இன்ஜினுக்கு இருபது டிகிரிக்கு மேல் கொடுத்தாலும் பிடிக்கும், வேகம் ஏறிக்கொண்டேதான் போகும். அந்த அளவில் வைத்துவிட்டு ரோட்டில் எடைகள் தங்கள் பங்கையும் சேர்த்தால் ஏற்றத்தில் டைமிங் எல்லை தாண்டி, பானெட்டுக்குள் கூழாங்கல்லைக் குலுக்கின சத்தம் கேட்கும். இதற்குப் பெயர் நாக்கிங், கலவை ஒழுங்காக எரியாமல் தானாக வெடிப்பது. அதுவும் சூடுதான், இன்னும் மோசமான சூடு. சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் தலையிலும் ஒட்டி நின்று உலோகத்தைக் காப்பாற்றுகிற மெல்லிய வாயு அடுக்கை நாக்கிங்கின் அதிர்வு கலைத்துவிடுகிறது, சூடு நேராக உலோகத்துக்குள் போகிறது. தாமதமான டைமிங் வண்டியைச் சோம்பேறியாக்கும், அதிகமாக முந்திய டைமிங் பிஸ்டனையே தின்னும். சந்தேகம் இருந்தால் இரண்டு டிகிரி தாமதமான பக்கம் நிற்பதுதான் பத்திரம்.

இனி புது வண்டிகள். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, திருப்புவதற்கு ஒன்றும் இல்லை, டைமிங்கை இ.சி.யூ. என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சூட்டுக்கும் டைமிங்குக்கும் உள்ள உறவு அப்படியேதான் இருக்கிறது, பல வண்டிகளில் திசை மட்டும் தலைகீழ். கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடானால் நாக்கிங் வர ஆரம்பிக்கும், நாக் சென்சார் அதைக் கேட்டு இ.சி.யூ.விடம் சொல்லும், இ.சி.யூ. டைமிங்கைத் தாமதப்படுத்தும், தாமதம் எக்ஸாஸ்டை இன்னும் சூடாக்கும். ஆகவே ஸ்கேனரை மாட்டும்போது பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கழற்றாமல், ஓடுகிற வண்டியில் கூலன்ட் டெம்பரேச்சரையும் இக்னிஷன் அட்வான்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூடு ஏறிய பிறகு அட்வான்ஸ் விழுந்தால் முதலில் கூலிங் பக்கம் தேடுங்கள். கூலன்ட் இன்னும் நார்மலில் இருக்கும்போதே அட்வான்ஸ் குறைவாக இருந்தால் பெட்ரோலின் ஆக்டேன், நாக் சென்சார், கார்பன் படிவு என்று வேறு பக்கம் போக வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு சூடும் சோம்பலும் ஆரம்பித்த வண்டி என்றால் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் சந்தேகம். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. பல வண்டிகளில் கேமும் கிராங்கும் பொருந்தவில்லை என்று பி0016 என்கிற பிழைக் குறியீடு வந்துவிடும், கேம் சென்சார் இல்லாத வண்டிகளில் அதுவும் வராது, கவரைக் கழற்றிக் குறிகளை நேரில் பார்த்துத்தான் ஆக வேண்டும்.